கோமஸ், 1971: டிரம் செட்டே இல்லாத இந்தப் பாட்டு ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?

கேள்வி (3 ஜூன், மாலை 6.10)

ஸ்வீடன் மெட்டல் குழு ஓப்பெத்தைக் கேட்டுக் கேட்டு, அதன் வழியாக கோமஸ் என்ற பிரிட்டிஷ் நாட்டுப்புற இசைக்குழுவுக்கு வந்து சேர்ந்தேன். அவர்களின் முதல் ஆல்பம் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்', 1971. கிட்டார், வயலின், புல்லாங்குழல். கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் கிடையாது, டிரம் செட் கிடையாது. ஆனால் என்னிடம் இருக்கும் எந்த டெத் மெட்டல் ஆல்பமும் என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. என் கணிப்பு: பாடகரின் உச்சரிப்பு பாதி புரியவில்லை, அதனால்தான் பயம். வரிகளைப் படித்துவிட்டால் சாதாரணப் பேய்க்கதை ஆகிவிடும். சரிதானே?

3 ஜூன், இரவு 9.40

தலைகீழ். வரிகள் புரியாமல் கேட்ட இரண்டு வருஷமும் எனக்கு அது கொண்டாட்டமாகவே இருந்தது. வரிகளைப் படித்த அன்று நிறுத்தினேன். அடுத்த ஆறு வருஷம் அந்த சிடியை நான் தொடவில்லை.

3 ஜூன், இரவு 10.50

கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

2006இல் கோவையில் விடுதியில் இருந்தேன். பக்கத்து அறை அக்கா ஒருவர் மெட்டல் இசைப் பைத்தியம். அவர்தான் இந்த ஆல்பத்தை ஒரு சிடியில் பதிந்து கொடுத்தார். மேலே மார்க்கர் பேனாவில் 'கோமஸ், விளக்கை அணைத்துவிட்டுக் கேள்' என்று மட்டும் இருந்தது. கேட்டேன். முதல் பாட்டு 'டயானா'. பாங்கோ தட்டுகிற சத்தம், குதித்துக் குதித்து வரும் பேஸ், அதன்மேல் ஆடு கத்துவதுபோல் ஒரு ஆண் குரல், அதற்கும் மேலே சிறு பெண்ணைப்போல ஒரு குரல். கோயில் கொடை நடக்கிற ஊரில் பிறந்தவள் நான். ஆட்டமும் சாமியும் எனக்குப் பழக்கம். அந்த வேகத்தைக் கேட்டதும் உடம்பு தானாக ஆடியது. பயம் என்ற சொல்லே அப்போது மனசில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். 'டயானா'வில் காமம் ஓர் ஆளாகி, கற்பு என்ற ஆளைக் காட்டுக்குள் துரத்துகிறது. 'டிரிப் டிரிப்' பாட்டில் கொன்றவன் கொல்லப்பட்ட பெண்ணின் உடலோடு காதலன்போலப் பேசுகிறான். 'சாங் டு கோமஸ்' ஒரு கன்னிப்பெண் வசியத்தில் விழுந்து சிதைக்கப்படுவதைச் சொல்கிறது. நான் ஆடிய ஆட்டம் இவற்றுக்குத்தான். அந்த எண்ணத்தோடு என்னால் ஒரே அறையில் இருக்க முடியவில்லை.

ஆகவே கேள்விக்கு என் பதில்: பயம் வரிகளில்தான் இருக்கிறது. புரியாதவரைக்கும் அது திருவிழா.

4 ஜூன், காலை 7.15

கேள்வி கேட்டவர் சொன்ன ஒன்றைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிரம் செட் இல்லை என்பது சரி. ஆனால் தாளம் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராப் யங் புல்லாங்குழலும் ஓபோ என்ற மரக் குழலும் ஊதியதோடு கையால் தட்டும் தோல் வாத்தியங்களும் வாசித்தார். பாபி வாட்சன் பாடிக்கொண்டே தாளக் கருவிகளும் வாசித்தார். ஆண்டி ஹெல்லபி பேஸ். காலின் பியர்சன் வயலினும் வயோலாவும். கிளென் கோரிங்கும் ராஜர் வூட்டனும் கிட்டார். நான் நேற்று ஆட்டுக்குரல் என்றது வூட்டனை. ஆறே பேர். அந்த ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் அத்தனை இரைச்சலும் இந்த ஆறு பேரின் கையிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வந்ததுதான்.

4 ஜூன், மதியம் 1.30

"இவர்கள் என்ன சாத்தான் கும்பலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கலைக்கல்லூரிப் பிள்ளைகள். வூட்டனும் கோரிங்கும் லண்டனுக்குத் தெற்கே கென்ட் பக்கம், ப்ராம்லியில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் போன்றவர்களின் கிட்டார் அவர்களுக்கு ஆதர்சம். நாட்டுப்புறப் பாட்டு மேடைகளில் நியூயார்க் ராக் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாட்டுகளையும் வாசித்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், பாதி விளங்கிவிடும்: விரல் வேலை நாட்டுப்புறத்திலிருந்து, பாடுபொருளின் துணிச்சல் நகரத்து இருட்டிலிருந்து.

பக்கத்து ஊர் பெக்கன்ஹாம். அங்கே த்ரீ டன்ஸ் என்ற மதுக்கடையில் 1969இல் பாடகர் டேவிட் போவி நடத்திய ஆர்ட்ஸ் லேப் மேடையில் இவர்கள் வாடிக்கையாக வாசித்தார்கள். அந்த நவம்பரில் லண்டன் பர்செல் ரூமில் போவி கச்சேரிக்கு முன்கச்சேரியும் இவர்களுடையதுதான்.

அட்டைப்படத்தை வூட்டனே வரைந்தார், சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவால். விலா எலும்பு துருத்த, முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்த உருவம். உள்ளே விரியும் வண்ண ஓவியம் கோரிங்குடையது. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாம் எல்லோரும் கிறுக்கிய அதே பேனா. அதனால்தானோ என்னவோ அந்த அட்டை எனக்கு இன்னும் தெரிந்த ஒருவர் வரைந்ததுபோல் இருக்கிறது.

4 ஜூன், இரவு 11.05

அந்தப் பெயரைப் பற்றி. இது நீளும்.

கோமஸ் என்பது ஜான் மில்டன் எழுதிய ஒரு நாடகத்தின் மந்திரவாதி. 1634 செப்டம்பர் 29 அன்று வேல்ஸ் எல்லையோரம் லட்லோ கோட்டையில் அது நடிக்கப்பட்டது. இசை ஹென்றி லாஸ். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் பதவியேற்பை ஒட்டிய விழா அது. கதையில் ஒரு பெண் சகோதரர்களைப் பிரிந்து காட்டில் வழி தவறுகிறாள். மதுக்கடவுள் பாக்கஸுக்கும் சூனியக்காரி சர்சிக்கும் பிறந்த கோமஸ், இடையன் வேஷத்தில் வந்து அவளைத் தன் மாளிகைக்கு அழைத்துப் போகிறான். மந்திர நாற்காலியில் அவள் ஒட்டிக்கொள்கிறாள். கிண்ணத்தை நீட்டுகிறான், குடி என்கிறான். உடம்பைக் கட்டினாலும் என் மனசின் சுதந்திரத்தை உன்னால் தொட முடியாது என்கிறாள் அவள். சகோதரர்கள் வாளோடு வந்து கோமஸைத் துரத்துகிறார்கள். ஆனால் நாற்காலியிலிருந்து அவளை விடுவிக்க அவர்களால் முடிவதில்லை. செவர்ன் நதியின் தேவதை சப்ரினா எழுந்து வந்து தண்ணீர் தெளித்தபிறகுதான் அவள் எழுந்திருக்கிறாள்.

இதில் என்னை உலுக்கியது நடித்தவர்கள் யார் என்பதுதான். அந்தப் பெண்ணாக நடித்தது பிரபுவின் சொந்த மகள் ஆலிஸ் எகர்ட்டன். வயது 15. சகோதரர்களாக நடித்தவர்கள் அவளுடைய சொந்தத் தம்பிகள், ஒருவனுக்கு 11, இன்னொருவனுக்கு 9. அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து பார்க்க, ஒரு 15 வயதுப் பெண் வசியக்காரனின் நாற்காலியில் கட்டுண்டு வாதாடுகிறாள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1631இல், அந்தக் குடும்பத்தின் நெருங்கிய உறவு காசில்ஹேவன் பிரபு பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்டிருந்தார். ஆலிஸின் பெரியம்மாவைக் கட்டியவர் அவர். இந்த நிழல் அந்த நாடகத்தின்மேல் விழுந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். விழாமல் எப்படி இருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

இப்போது ஆல்பத்துக்கு வாருங்கள். மில்டன் எழுதிய காடு அப்படியே இருக்கிறது, கோமஸ் இருக்கிறான், பெண் இருக்கிறாள். தம்பிகள் வரவில்லை. சப்ரினா வரவில்லை. காப்பாற்றுகிற பாத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சக் கதையை மட்டும் 1971இன் பிள்ளைகள் பாடியிருக்கிறார்கள்.

5 ஜூன், காலை 6.50

"அப்படியென்றால் நம்ம பழையனூர் நீலி மாதிரியா?" என்று கேட்டவருக்கு: இல்லை. நீலி திரும்பி வருகிறாள். பிரித்தானியாவின் பழைய கொலைப் பாட்டுகளிலும் செத்தவள் திரும்பி வருவாள். அக்காள் தங்கையை ஆற்றில் தள்ளிக் கொல்கிற பாட்டு ஒன்று அங்கே மிகப் பிரசித்தம். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் அது 10ஆவது. அதன் பல வடிவங்களில் செத்த தங்கையின் எலும்பையும் கூந்தலையும் வைத்து யாரோ ஒரு யாழ் செய்வார்கள். அந்த யாழ் கொன்றவள் பெயரைத் தானே பாடிவிடும். பிணம் சாட்சி சொல்லும். 'டிரிப் டிரிப்' பாட்டில் அந்தப் பெண் 11 நிமிடமும் வாய் திறப்பதில்லை. கொன்றவன் பேசிக்கொண்டே இருக்கிறான். நாட்டார் பாட்டின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாட்டார் பாட்டு செத்தவளுக்குக் கொடுத்துவந்த ஒரே உரிமையை எடுத்துவிட்டார்கள்.

5 ஜூன், மாலை 5.20

"கலையைக் கலையாகப் பார்க்கணும், 1971இல் எழுதியதை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது" என்று அறிவுரை வந்திருக்கிறது. 1971இலும் பெண்கள் பஸ்ஸில் போனார்கள், இருட்டில் நடந்தார்கள். அவர்களுக்கும் இந்தக் காடு தெரியும். நான் இன்றைய கண் எதையும் கடன் வாங்கவில்லை.

ஆனால் தடை செய் என்றோ எரி என்றோ நான் எங்கும் சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்து நானே திரும்பிப் போனேன். ஏன் போனேன் என்பதைத்தான் இங்கே எழுதிக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.

5 ஜூன், இரவு 11.40

திரும்பிப் போன கதை.

2014. அப்பா தவறிய வருஷம். ஊரில் அம்மாவோடு மூன்று மாதம் இருந்தேன். தூக்கம் வராது. ஒரு ராத்திரி பழைய பெட்டியைக் கிளறியபோது அந்த சிடி கிடைத்தது. மார்க்கர் எழுத்து பாதி அழிந்துவிட்டது. 'டயானா'வைத் தாண்டி நேராக இரண்டாவது பாட்டை வைத்தேன்: 'தி ஹெரால்ட்'. 12 நிமிடத்துக்கும் மேல். அதில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. பாபி வாட்சனின் குரல் எங்கோ மரங்களுக்கு அப்பாலிருந்து வருகிறது. நடுவில் இரண்டு கிட்டார் மட்டும் வெகுநேரம் பேசிக்கொள்கின்றன, அவசரமே இல்லாமல். ஓபோ ஒரு நீண்ட மூச்சை இழுத்து விடுகிறது. பொழுது மாறுகிற நேரத்தில் தோப்பில் தனியாக நின்றவர்களுக்கு அந்த மௌனம் தெரியும்.

அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அழுதேன், பிறகு தூங்கினேன். அடுத்த இரண்டு வாரம் தினமும் அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டேன். ஒரு கூட்டத்தை நான் ஆறு வருஷம் வெறுத்திருக்கிறேன், அவர்களே என்னை அன்றைக்குத் தூங்கவும் வைத்திருக்கிறார்கள். இது இரண்டும் உண்மை. இதில் ஒன்றைத் தள்ளிவிட்டு நான் எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

6 ஜூன், காலை 8.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்தைக் கேட்டேன். எல்பி இசைத்தட்டில் முதல் பக்கத்தின் வரிசை: 'டயானா', 'தி ஹெரால்ட்', 'டிரிப் டிரிப்'. இது தற்செயலா என்று தெரியவில்லை, ஆனால் காதுக்கு ஒரு கதையாகக் கேட்கிறது. முதலில் துரத்தல். பிறகு 12 நிமிட அமைதி, தப்பித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைக்க வைக்கும் அமைதி. பிறகு உடல். 'ஹெரால்ட்' இல்லாமல் மற்ற இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வெறும் கத்தலாகப் போய்விடும். அந்தக் காடு எவ்வளவு அழகானது என்று முதலில் காட்டிவிட்டதால்தான் அங்கே நடப்பது தாங்கமுடியாமல் ஆகிறது.

6 ஜூன், காலை 8.25

ஒரு எச்சரிக்கை, எனக்கே. ஒரே பெண்ணின் கதையாக இணைத்தது என் காது. குழு அப்படிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொண்டு போய் வேறெங்கும் எழுதிவிடாதீர்கள்.

6 ஜூன், இரவு 9.15

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் 3ஆம் தேதி நான் கொடுத்த பதிலை இது உடைக்கிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். சாயங்காலம் 'டயானா'வை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆங்கிலம் துளியும் தெரியாது. பாட்டு பாதியில் இருக்கும்போது எட்டிப் பார்த்துக் கேட்டார்: "யாரை விரட்டுதானுவ?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எப்படிம்மா தெரியும் என்றேன். "ஓடுத சத்தம் கேக்குல்லா. பின்னால வாரவன் சிரிக்கான், முன்னால போறவளுக்கு மூச்சு வாங்குது." பிறகு, "நல்லாத்தான் பாடுதான். ஆனா அவனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குப் போய்விட்டார்.

ஆக வரி தெரியாமலே எல்லாம் கேட்கிறது. இரண்டு வருஷம் எனக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. நான் துரத்துகிறவன் பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளம் அவனுடைய கால் தாளம். இருபது வயதில் ஓடுகிறவளின் மூச்சை நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார்.

கேள்வி கேட்டவரே, உங்கள் கணிப்பும் தப்பு, என் முதல் பதிலும் தப்பு. பயம் சத்தத்திலேயே இருக்கிறது. அதுவும் எங்கே என்றால், அந்தச் சத்தம் நம்மை யாருடைய காலில் நிறுத்துகிறது என்பதில்.

6 ஜூன், இரவு 10.00

அம்மா பேச்சை எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், சொல்லிவிட்டேன். "அந்தப் பய இப்ப என்ன செய்தான்" என்று வூட்டனை விசாரித்தார்.

7 ஜூன், மதியம் 2.45

வயலினைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எட்டு வருஷம் கற்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நமக்கு வயலின் என்றால் பாடுகிறவரின் நிழல். தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, பாடகரின் சுருதிக்கு ச-ப-ச-ப என்று தந்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவர் போகிற இடமெல்லாம் ஒரு மாத்திரை பின்னால் போவோம். என் ஆசிரியை சொல்வார், பாட்டுக்காரர் தடுக்கி விழுந்தால் நீ தாங்கணும், அவர் விழுந்தது சபைக்குத் தெரியக்கூடாது என்று. பக்கவாத்தியம் என்பது ஒரு தர்மம்.

காலின் பியர்சன் வாசிப்பில் அந்த தர்மமே இல்லை. குரல் எங்கே ஏறுகிறதோ அங்கே இவர் வில்லை அழுத்திக் கீறுகிறார். குரல் தளர்கிற இடத்தில் குறுக்கே வந்து கடிக்கிறார். தாங்குவதற்கு யாரும் இல்லை. எட்டு வருஷம் நிழலாக இருக்கப் பழகிய காதுக்கு, நிழல் எழுந்து ஆளைத் தாக்குவதுபோல் இருக்கிறது அது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பெரிய பயம் அதுதான், இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அதேசமயம் 'ஹெரால்ட்' பாட்டில் தந்தியும் ஓபோவும் வாட்சனின் குரலைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு மெதுவாகப் போகின்றன என்று கேளுங்கள். தாங்கத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தே தாங்காமல் விட்டிருக்கிறார்கள்.

7 ஜூன், மாலை 6.30

விற்பனை பற்றி, சுருக்கமாக. ஆல்பம் டான் என்ற இசைத்தட்டு முத்திரையில் வந்தது. 'பை' (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிளை அது. அதே முத்திரையில்தான் மங்கோ ஜெர்ரி என்ற குழுவின் 'இன் த சம்மர்டைம்' 1970இல் உலகமெல்லாம் ஓடியது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, பாரி மர்ரி. வெயில் காலத்தின் மிகச் சந்தோஷமான பாட்டும் இந்த இருட்டும் ஒரே மனிதரின் மேஜையைத் தாண்டி வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. 1971 தொடக்கத்தில் ஆல்பம் வெளிவந்தபோது பிரிட்டனில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம், ஜனவரி 20இல் தொடங்கி மார்ச் வரை ஏழு வாரம். அதுவும் சேர்ந்து அடித்தது. விற்கவில்லை. 1972இல் குழு கலைந்தது.

பழைய டான் பதிப்பு நல்ல நிலையில் இருந்தால் பல நூறு பவுண்டு ஆகும், அதைத் தேடாதீர்கள். 2005இல் வந்த 'சாங் டு கோமஸ்' தொகுப்பில் எல்லாமே இருக்கிறது. 1974இல் வர்ஜின் முத்திரையில் வந்த இரண்டாவது ஆல்பம் 'டு கீப் ஃப்ரம் க்ரையிங்' உட்பட. அது நல்ல ஆல்பம். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்பதுபோல நல்ல ஆல்பம்.

8 ஜூன், காலை 7.40

இந்த இழையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றை ஒருவர் சரியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறார். நான் எழுதியதைப் படித்தால் ஆல்பம் முழுக்கக் குற்றவாளியின் வாயாலேயே பாடப்படுவதுபோல் இருக்கிறதாம். உண்மை, அப்படித்தான் தொனிக்கிறது. அது தவறு.

குற்றவாளி 'நான்' என்று பேசுவது 'டிரிப் டிரிப்' ஒன்றில்தான். 'டயானா'வும் 'சாங் டு கோமஸ்' பாட்டும் வெளியே நின்று பார்த்துச் சொல்பவை. சொல்கிறவன் தடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு இரண்டாம் பக்கம் நகர நகர ஆள் மாறுகிறது. 'தி பைட்' பாட்டின் நடுவில் இருப்பது சிக்கிக்கொண்டு சாகப்போகும் ஒரு கிறிஸ்தவன். அதை அடுத்து 'பிட்டன்', பாட்டே இல்லாத இரண்டு நிமிடக் கீறல். கடைசியில் 'தி பிரிசனர்'.

8 ஜூன், இரவு 11.55

'தி பிரிசனர்' பற்றி எழுதப் பகல் முழுக்க யோசித்தேன்.

அதில் பேசுகிறவன் மனநல மருத்துவமனையில் அடைபட்டவன். தலையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவனே சொல்கிறான், கெஞ்சுகிறான். பாட்டு முடியும்போது பைத்தியம் என்ற அர்த்தமுள்ள ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்து குரல் சிதறிப்போகிறது.

எங்கள் வீட்டில் என் சித்தப்பா ஒருவருக்கு எழுபதுகளில் அதே சிகிச்சை நடந்தது. எந்த ஊர், எந்த இடம் என்று எழுத மாட்டேன். மயக்க மருந்து கொடுக்காமல் செய்தார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார், நான் பத்தாவது படிக்கும்போது. என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கையைப் பிடிக்க நாலு பேர் வந்தார்கள் என்று மட்டும் சொன்னார். நாலு பேர் முகமும் ஞாபகம் இருக்கிறதாம், அதற்கு முந்தின வருஷம் எதுவும் ஞாபகம் இல்லையாம்.

இன்றைய சிகிச்சை வேறு, மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்திச் செய்கிறார்கள், பலருக்கு அது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் படித்து யாரும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. நான் சொல்வது அந்தக் காலத்து நாலு பேரைப் பற்றி.

முதல் பாட்டில் ஓடவைத்துச் சிரித்த அதே தொண்டை, கடைசிப் பாட்டில் கட்டிலில் கிடந்து கெஞ்சுகிறது. வூட்டனின் குரல் ஒன்றுதான், ஆள்தான் வேறு. இதை நான் இத்தனை வருஷமும் கவனிக்கவில்லை. ஆறு வருஷம் நிறுத்தியது முதல் பக்கத்தை வைத்து. இரண்டாம் பக்கத்தின் கடைசி ஆறு நிமிடத்தை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்பதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

இதனால் 'டிரிப் டிரிப்' மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண் இன்னும் பேசவில்லை. ஆனால் இவர்கள் வன்முறையை ருசிக்க மட்டும் வந்தவர்கள் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியத்தை அழித்துவிட்டேன்.

9 ஜூன், மதியம் 12.20

ஓப்பெத் ஆட்களுக்கு, கேட்டதால்: 1998இல் வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்' என்ற தலைப்பு 'டிரிப் டிரிப்' வரியிலிருந்து எடுத்தது. கொன்றவன் தன் கைகளையே பிணவண்டி என்கிற இடம். 2005இன் 'கோஸ்ட் ரெவரீஸ்' ஆல்பத்தில் 'தி பேயிங் ஆஃப் த ஹவுண்ட்ஸ்' என்பது 'டயானா'விலிருந்து. ஓப்பெத்தின் பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட் இவர்களின் பழைய ரசிகர். 2008இல் ஸ்வீடனில் மெல்லோபோட் விழாவில், ஓடும் கப்பலில், கோமஸ் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். ராப் யங்குக்குப் பதில் ஜான் சீக்ரோட் ஊதினார். அது 'ஈஸ்ட் ஆஃப் ஸ்வீடன்' என்று ஆல்பமாக வந்திருக்கிறது.

2012இல் 'அவுட் ஆஃப் த கோமா'. மூன்று புதுப் பாட்டுகள், கூடவே 1972இல் மேடையில் பதிவான 'மால்கார்ட் ஸூட்'. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் கலைந்துபோன குழு கடைசியாக எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அதில் கேட்கலாம். புதுப் பாட்டுகளில் வாட்சனின் குரல் இறங்கியிருக்கிறது, தடித்திருக்கிறது. சிறு பெண் போய்விட்டாள். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கிறது. இந்தக் குரலோடு காட்டுக்குள் போனால் துரத்துகிறவன்தான் யோசிக்கவேண்டும்.

9 ஜூன், இரவு 10.30

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். வரிகளைப் படித்தாராம். 'டிரிப் டிரிப்' நடுவில் நிறுத்திவிட்டாராம், தங்கை பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாளாம், மேலே கேட்கக் கூச்சமாக இருந்ததாம். "நான் தோற்றுவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இதில் தோற்பதற்கு என்ன இருக்கிறது. நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள். நான் ஆறு வருஷம் நிறுத்தினேன், ஒன்றும் குடி முழுகவில்லை. ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள், மற்ற எதையும் போடாமல், 'தி ஹெரால்ட்' மட்டும் வையுங்கள். பொழுது சாய்கிற நேரமாக இருந்தால் நல்லது. தங்கையையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அந்த இரண்டு கிட்டார் பேசும் இடத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு வந்து இங்கே எழுதுங்கள்.